சூலை முதல் செயலி வரை

நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் இப்போது ஓசூரையடுத்த தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுகிறார். தமிழ் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று வியப்பவர்கள் எம் மாவட்டத்தை அறியாதவர்கள். இங்கே தமிழ் படித்தவரும் கணிதம் படித்தவரும் கடைசியில் ஒரே நிறுவனப் பேருந்தில்தான் ஏறுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். சில மாதங்களாக அவருக்கு வயிறு சரியில்லை. என்ன உண்டீர்கள், எப்போது உண்டீர்கள், அதன்பின் வயிறு என்ன செய்தது என்று ஒரு மாதம் நாள்தோறும் குறித்துக்கொண்டு வாருங்கள் என மருத்துவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். விடுதித் தோழி, தாம் பயன்படுத்தும் செயலி ஒன்றை இவருடைய திறன்பேசியிலும் இறக்கிக் கொடுத்தாராம். திரையில் சிறு சிறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலச் சொல். கீழே ஒன்றிலிருந்து பத்துவரை நகர்த்தத்தக்க ஒரு கோடு. அவர் நம்மிடம் கேட்டது இதுதான்:

"ஐயா, ப்ளோட்டிங்னா உப்புசமா, பொருமலா? எனக்கு ரெண்டும் வேற வேற நேரத்துல வருது. இதுல ஒரே பெட்டிதான் இருக்கு."

இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர்க்கு இது எளிய வினாவாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. நம் தாயார் இவ்விரு சொற்களையும் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. வயிறு மத்தளம்போல் இறுகி நின்றால் உப்புசம். உள்ளே காற்று புரண்டு, வெளியேற வழியின்றித் திணறினால் பொருமல். பசியுமில்லாமல் வலியுமில்லாமல் சோறு கல்லாய்க் கிடந்தால் மந்தம். உண்டது எரியாமல் தொண்டைவரை திரும்பி வந்தால் எதுக்களிப்பு. இவையன்றி நெஞ்சுக்கரிப்பு, புளியேப்பம், இரைச்சல், கடுப்பு, குமட்டல் என்று வீட்டுப் பேச்சில் வயிற்றுக்கென்றே ஒரு சிறு நிகண்டு உண்டு. அந்நிகண்டு எதுவும் அந்தத் திரையில் இல்லை.

வயிற்றின் குறையைச் சொல்லாக்குவதும் அதை நாள் பிசகாமல் குறித்துவைப்பதும் திறன்பேசியோடு பிறந்த வழக்கங்கள் அல்ல. வலியைச் சொல்பவர் யார், அதைக் குறித்துக்கொள்பவர் யார், யாருடைய சொல்லில் குறிப்பது என்னும் மூன்றும் காலந்தோறும் இடம் மாறி வந்திருக்கின்றன. மாணவியின் கேள்விக்கு விடை தேடப் புகுந்து அந்த வரலாற்றுக்குள் நாம் சற்றுத் தூரம் நடக்க நேர்ந்தது.

நோயுற்றவரே தம் வயிற்றைப் பற்றித் தம் வாயால் விரிவாகச் சொன்ன பழந்தமிழ்ப் பதிவு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது திருநாவுக்கரசர். காலம் ஏழாம் நூற்றாண்டு. பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் வாழ்ந்தவரைச் சூலை நோய் பற்றியது என்றும், மடத்தார் செய்த மருத்துவம் பலிக்கவில்லை என்றும், அவர் தமக்கையார் திலகவதியாரிடம் ஆளனுப்பினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. சேக்கிழார் கதையைச் சைவத்தின் பக்கம் நின்று சொல்கிறார். அந்தச் சமயப் பூசல் இங்கே நமக்கு வேண்டா. ஒரு செய்தி மட்டும் கவனத்துக்குரியது. தமக்கையிடம் தூது சென்றவர் மருத்துவரோ துறவியோ அல்லர். அவருக்கு உணவு சமைப்பவர். வயிற்று நோயின் செய்தியை முதலில் சுமந்து சென்றவர் சமையற்காரர் என்பது எவ்வளவு பொருத்தம்!

திருவதிகையில் பாடப்பட்ட அந்த முதற்பதிகத்தைப் பக்திப் பாடலாகவே படித்துப் பழகிவிட்டோம். ஒரு முறை நோயாளியின் வாக்குமூலமாகப் படித்துப் பாருங்கள். வலி கண்ணுக்குப் புலப்படாமல் வயிற்றின் உட்புறத்தில் குடலைப் பிணித்து முடக்குகிறது. ஒரு பாட்டில் அது சுடுகிறது. இன்னொன்றில் வயிற்றைக் கலக்கித் தின்கிறது. வேறொன்றில் வலிக்கிறது. ஒரே நோய்க்கு மூன்று நான்கு வினைச்சொற்கள். வலியின் அளவை அவர் எண்ணால் சொல்லவில்லை. அது என்ன செய்கிறது என்று வினையால் சொன்னார். அவர் காலத்து மருத்துவர் எவரேனும் காது கொடுத்திருந்தால் அவ்வினைச்சொற்களே நோயைப் பிரித்தறியப் போதுமான குறிப்புகளாகியிருக்கும். இன்றும் குடல் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி எரிகிறதா, முறுக்குகிறதா, குத்துகிறதா என்பதுதானே.

வள்ளுவர் வேறு வழியில் வருகிறார். 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பெரும்பாலானவை முன் உண்டது செரித்ததா, பசி நன்கு எடுத்ததா, அளவு என்ன, ஒவ்வாதது எது என்பவற்றையே பேசுகின்றன. உண்பவனே தன் வயிற்றுத் தீயின் அளவை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஏடும் எழுத்தாணியும் தேவையில்லை, நினைவே ஏடு. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என்ற நால்வகைப் பகுப்பு அதிகாரத்தின் கடைசிக் குறளில்தான் தலைகாட்டுகிறது.

சித்த மருத்துவத்தில் குறிப்பவர் மாறிவிடுகிறார். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் 'மொழி' இடம்பெற்றிருப்பது கண்டு தமிழாசிரியர்கள் மகிழ வேண்டியதில்லை. அங்கே மொழி என்பது நோயாளி சொன்ன செய்தியன்று, குரலின் தன்மை. உரத்த குரலா, தாழ்ந்த குரலா, இடைப்பட்டதா என்பதே பார்வை. நோயாளியின் சொல்லைவிட அவர் உடல் கழித்தது நம்பத்தக்க சாட்சி. தேரையர் பெயரால் வழங்கும் நெய்க்குறி முறையில் சிறுநீரில் நல்லெண்ணெய்த் துளியை விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், ஆழியாகப் பரந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று கணிப்பர். நோயாளி வாய் திறக்க வேண்டிய இடமே அதில் இல்லை.

ஆயினும் நோய்க்குப் பெயரிடும்போது சித்தர்கள் மறுபடி நோயாளியிடமே வர நேர்ந்தது. யூகி வைத்திய சிந்தாமணி குன்மத்தை எட்டாக வகுக்கும். அவற்றுள் எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம் என்ற பெயர்களைப் பாருங்கள். எரிகிறது, வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று யாரோ ஒருவர் திண்ணையில் அமர்ந்து முனகிய சொற்களே நூலேறி நோய்ப்பெயர்களாகிவிட்டன. உடலோடு மனத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. வயிற்று நோயோடு நெடுநாள் வாழ்ந்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

உண்டதையும் கழித்ததையும் எண்ணாக மாற்றும் ஆசை இத்தாலியில் சாந்தோரியோ என்னும் மருத்துவரிடம் உச்சத்தைத் தொட்டது. தராசில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் அமர்ந்து உண்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம் உணவையும் கழிவையும் உடலையும் நிறுத்து நிறுத்து எழுதி, 1614-இல் நூலாக வெளியிட்டார். எட்டுப் பங்கு உட்கொண்டால் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போகிறது என்பது அவர் கணக்கு. தம்மைத் தாமே குறித்துக்கொள்ளும் இன்றைய செயலிக்காரர்களுக்கு அவரே பாட்டனார். ஆனால் அவர் எழுதியவை எடைகள். வயிறு எப்படி இருந்தது என்று அந்தத் தராசு கேட்கவில்லை.

நம் பக்கத்து ஊருக்கு வருவோம். கிருட்டிணகிரியிலிருந்து பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் வேலூர். வயிற்றுக் குறிப்பு எடுப்பதில் தமிழ்நாட்டின் பெரும் பணி நடந்தது அங்கேதான். 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டு ஊர்களில் ஸ்ப்ரூ என்னும் நெடுநாள் வயிற்றுப்போக்கு நோய் பரவியபோது, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002-இல் தொடங்கி, அதே கல்லூரியின் குழுவினர் வேலூர் நகரின் நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். ககன்தீப் காங் முன்னின்று நடத்திய அப்பணியில், களப்பணியாளர்கள் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார்கள். பிறப்பு முதல் மூன்று வயது வரை முழுமையாகத் தொடரப்பட்ட 373 குழந்தைகளின் பதிவு 2011-இல் வெளியாயிற்று. ரோட்டா வைரசு ஒரு முறை தாக்கினால் பின்னர் ஓரளவு காப்பு கிடைக்கும். ஆயின் மெக்சிகோக் குழந்தைகளிடம் முன்பு கண்ட அளவுக்கு வேலூரில் அக்காப்பு வலுவாக இல்லை என்பது அதன் முடிவு. பின்னர் இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் தடுப்பு மருந்தைத் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தனர். 2016-இல் அது நாட்டின் தடுப்பு மருந்துத் திட்டத்துக்குள் வந்தது.

இத்தனை பெரிய கட்டடத்துக்கும் அடிக்கல் எது? வாசற்படியில் நின்று ஒரு தாயிடம் கேட்கப்பட்ட கேள்வி. ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகியோ நீராகவோ போனால் வயிற்றுப்போக்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் வட மாவட்டங்களில் எந்தத் தாயும் 'வயிற்றுப்போக்கு' என்று பேசுவதில்லை. 'வயித்தால போவுது' என்பார், 'பேதி' என்பார், 'தண்ணியா போவுது' என்பார். அதைக் கேட்டு எண்ணாக்கும் வேலை, அதே மொழி பேசும், அதே தெருக்களை அறிந்த ஒரு களப்பணியாளருடையது. கைபேசிச் செயலியில் இல்லாதவர் அவர்தான். தாயின் சொல்லுக்கும் படிவத்தின் கட்டத்துக்கும் இடையே நின்ற அந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் மிகுதியாகப் பேசுவதில்லை. நாம் பேசவேண்டும்.

படிவத்தின் கட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பிரிசுடல் நகரில் கென் ஹீட்டன் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றிய லூயிசும் மலத்தின் வடிவத்தை ஏழாகப் பிரித்த அட்டவணை ஒன்றைச் செம்மைப்படுத்தி 1997-இல் கட்டுரை வெளியிட்டனர். உணவு குடலைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வடிவமே காட்டிவிடும் என்பது அதன் அடிப்படை. கொட்டைகள்போல் தனித்தனியாக இறுகியது முதல் வகை. முழுதும் நீரானது ஏழாம் வகை. பாம்புபோல் வழவழப்பாக நீண்ட நான்காம் வகையே நலத்தின் அடையாளம். நெய்க்குறியில் வாதத்தின் அறிகுறியாக நின்ற பாம்பு, பிரிசுடலில் ஆரோக்கியத்தின் சின்னமாகிவிட்ட வேடிக்கையை எண்ணி நாம் சிரித்தோம். இன்று வயிற்றுச் செயலிகள் பலவற்றில் இந்த ஏழு படங்களே சிறு உருவங்களாக வரிசையில் நிற்கின்றன.

குடல் எரிச்சல் நோய் எனப்படும் ஐ.பி.எஸ். இன்னும் சிக்கலானது. இரத்தச் சோதனையிலும் உள்நோக்கிக் கருவியிலும் அதற்கெனத் தனி அடையாளம் ஏதும் அகப்படுவதில்லை. நோயாளி சொல்வதே சான்று. ஆகவே எந்தச் சொல்லைச் சொன்னால் நோய் என்று கொள்வது எனப் பன்னாட்டு மருத்துவர்கள் கூடி விதி வகுத்தார்கள். 'ரோம் வரையறைகள்' என்று அவற்றுக்குப் பெயர். 2016-இல் வெளியான நான்காம் பதிப்பில் ஒரு திருத்தம் செய்தனர். முந்தைய பதிப்பில் 'வலி அல்லது அசௌகரியம்' என்றிருந்ததில், அசௌகரியம் என்பதை நீக்கிவிட்டு வலியை மட்டும் வைத்துக்கொண்டனர். காரணம் மருத்துவமன்று, மொழி. அந்தச் சொல் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பொருளைத் தருகிறது, சில மொழிகளில் அதற்கு ஈடான சொல்லே இல்லை என்று கண்டுகொண்டார்கள். உலகத்துக் குடல் மருத்துவர்கள் ஒரு சொல்லின் பொருளுக்காகத் தங்கள் இலக்கணத்தையே திருத்தினார்கள் என்றால், ஓசூர் மாணவியின் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள நமக்கு என்ன உரிமை?

2008 சூலையில் ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை திறந்தது. (மாதத்தின் பெயரும் நோயின் பெயரும் தமிழில் ஒன்றாகிவிட்டது நம் குற்றமன்று.) ஆசுதிரேலியாவின் மொனாசுப் பல்கலைக்கழகம், குடலில் எளிதில் நொதித்துக் காற்றை உண்டாக்கும் உணவுகளைப் பற்றிய தன் ஆய்வை 2012-இல் செயலியாக்கியது. பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளைப்போல் உணவுகளுக்கு நிறமிட்ட செயலி அது. அதைத் தொடர்ந்து எத்தனையோ வந்துவிட்டன. அவற்றின் நன்மையை மறுப்பதற்கில்லை. மூன்று வாரத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை என்ன உண்டோம் என்பது எவருக்கு நினைவிருக்கும்? வலித்த நாள்களையே நினைவு பெரிதாக்கும்; வலிக்காத நாள்களை மறந்துவிடும். அன்றன்றே எழுதியது அப்படிப் பொய் சொல்லாது.

ஆனால் வரலாறு மறுபடியும் திரும்புவதையும் சொல்லவேண்டும். 2022-இல் அமெரிக்க ஆய்வொன்றில், நோயாளிகள் தம் மலத்தைத் திறன்பேசியால் படமெடுக்க, செயற்கை நுண்ணறிவு அதை வகைப்படுத்தியது. நோயாளிகள் தாமே சொன்னதைவிடச் செயலியின் கணிப்பு வல்லுநர் கணிப்போடு மிகுதியும் ஒத்திருந்ததாம். எண்வகைத் தேர்வின் 'மலம்' மீண்டும் வந்து 'மொழி'யைத் தள்ளி உட்காரப் பார்க்கிறது. வடிவத்தைப் படம் சொல்லிவிடும். இரவு இரண்டு மணிக்கு வயிறு என்ன செய்தது என்று எந்தப் படம் சொல்லும்?

இரவு இரண்டு மணி என்று நாம் சொன்னது அலங்காரத்துக்கு அன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையாக, கேழ்வரகுக்கும் களிக்கும் பேர்போன மேட்டுநிலமாக இருந்தது இந்த ஓசூர்ப் பகுதி. 1970-களில் சிப்காட் வந்தது; 1980-இல் அசோக் லேலண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று; கர்நாடக எல்லைக்கு இப்பால் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. இந்த மாற்றத்தில் முதலில் இடம் மாறியது சாப்பாட்டு நேரம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, அரைமணி இடைவேளை தரவேண்டும், 250 பேருக்குமேல் இருந்தால் உணவகம் வேண்டும் என்றெல்லாம் விதித்தது. அந்த அரைமணி பகலில் வருகிறதா, நடுயாமத்தில் வருகிறதா என்பதை ஷிப்டு அல்லவா முடிவுசெய்தது!

நம் மாணவியின் செயலியில் மூன்று வேளைகள் இருந்தன: காலை, மதியம், இரவு. நாள் நள்ளிரவில் முடிந்துவிடும். நைட் ஷிப்டு வாரத்தில் அவர் சோறு உண்பது ஒரு மணிக்கு. செயலி அதை மறுநாளின் காலை உணவாகப் பதிந்துகொண்டது. விடியலில் விடுதிக்கு வந்து உறங்கி, மாலையில் எழுந்து உண்டது இரவுணவாயிற்று. அதற்கிடையே வந்த வலி எந்த உணவுக்குப்பின் வந்தது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்து எவராலும் சொல்லமுடியவில்லை. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்று சிறுபொழுதை ஆறாகப் பகுத்த இலக்கணத்தை அவருக்கு நாம்தான் கற்பித்தோம். யாமத்துக்கு ஒரு கட்டம் வைத்திருந்த தொல்காப்பியர் இந்தச் செயலியைச் செய்தவரைவிட ஓசூருக்கு நெருங்கியவர் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

சொல்லுக்குத் திரும்புவோம். அவருடைய விடுதி அறையில் நால்வர். ஒருவர் தெலுங்கு பேசுபவர்; ஒருவர் கன்னடம். எல்லைப்புறத்தில் இது இயல்பு. தெலுங்கில் 'கடுபு உப்பரம்'. கன்னடத்தில் 'ஹொட்டெ உப்பர'. நம் உப்புசமும் அதே வேரில் கிளைத்தது. மூன்று மொழிப் பெண்களுக்கும் உள்ளே ஒரே சொல் இருந்தது. மூவரும் அதைவிட்டு ஓர் ஆங்கிலப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2023-இல் இயற்றப்பட்ட எண்மியத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பெற இசைவு கேட்கும்போது அந்த வேண்டுகோளை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்கவேண்டும் என்கிறது. நல்லது. உன் வயிற்றுக் கணக்கை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியைத் தமிழில் கேட்கச் சட்டம் இருக்கிறது. உன் வயிற்றுக்கு என்ன என்ற கேள்வியைத் தமிழில் கேட்க இல்லை.

அன்று அவருக்கு நாம் சொன்ன விடை மிக எளியது. ஒவ்வொரு நாள் பதிவின் அடியிலும் 'குறிப்பு' என்று ஒரு வெற்றிடம் இருந்தது. பெட்டிகளை விட்டுவிடு; அந்த இடத்தில் உன் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படி எழுது; மணியையும் ஷிப்டையும் சேர்த்து எழுது என்றோம். தட்டச்சுத் தமிழ் அவருக்குக் கைவந்தது.

ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் போய்வந்து அவர் சொன்னது: வண்ண வரைபடங்களை மருத்துவர் விரலால் விரைவாகத் தள்ளிக்கொண்டே போனாராம். குறிப்புகள் வந்ததும் விரல் நின்றுவிட்டதாம். "எதுக்களிப்புன்னு ஆறு இடத்துல எழுதியிருக்கீங்களே, அது நெஞ்செரிச்சல்தானே?" என்று கேட்டிருக்கிறார். "இல்லைங்க டாக்டர், எரியாது. சாப்பிட்டது அப்படியே தொண்டை வரைக்கும் திரும்பி வரும். நைட் ஷிப்டுல குனிஞ்சு வேலை பாக்கும்போதுதான்" என்றாராம் இவர். மருத்துவர் தம் தாளில் அந்தச் சொல்லைத் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் அந்த ஆறு இரவுகளின் தேதிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாராம்.